காப்பகத்து நாயைத் தத்தெடுப்பது ஏன் இவ்வளவு சிரமம்?

"வீடில்லாத நாய்க்கு வீடு தரேன்னு போய் நிக்கிறோம். நம்மளையே நேர்காணல் செய்றாங்களே!"

சிங்கப்பூரில் நாயைத் தத்தெடுக்க முயன்றவர்களிடம் பேசினால் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கலாம். நீளமான விண்ணப்பப் படிவம், பதில் வராத வாரங்கள், வீட்டைப் பார்க்க வரும் தொண்டூழியர், கடைசியில் "மன்னிக்கவும், இந்த நாய் உங்களுக்குப் பொருந்தாது" என்று ஒரு குறுஞ்செய்தி.

காப்பகங்களில் நாய்கள் காத்திருக்கின்றன. வெளியே குடும்பங்கள் காத்திருக்கின்றன. பிறகு ஏன் இந்த இழுபறி?

இதில் மூன்று வகைத் தடைகள் உள்ளன. ஒன்று சட்டம் போடுவது. இன்னொன்று காப்பகம் போடுவது. மூன்றாவது, வீட்டுக்கு வந்த பிறகு நாயே போடுவது! எது எந்த வகை என்று தெரிந்தால் பாதி எரிச்சல் குறையும்.

முதல் தடை: 55 சென்டிமீட்டர்

சிங்கப்பூரில் பெரும்பாலோர் வசிப்பது வீவக வீடுகளில். ஒரு வீவக வீட்டில் ஒரே ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் எந்த நாயையும் அல்ல. அனுமதிக்கப்பட்ட 62 இனங்களின் பட்டியல் ஒன்று உண்டு. ஷிட்சு, மால்டிஸ், பொமரேனியன், சிவாவா என எல்லாம் பெரும்பாலும் சிறிய நாய்கள். கோல்டன் ரிட்ரீவர், பீகல் போன்றவற்றுக்கு அதில் இடமில்லை.

ஆனால் காப்பகத்தில் அதிகம் இருப்பது யார்? 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லமாக அழைக்கப்படும் உள்ளூர்க் கலப்பின நாய்கள். தொழிற்பேட்டை, கட்டுமானத் தளம், பண்ணை, காட்டோரம் ஆகிய இடங்களில் பிறந்து வளர்ந்தவை. நடுத்தர உடல், நீண்ட கால்கள், கூர்மையான காது.

இவற்றுக்காகவே 2012ஆம் ஆண்டு 'புரோஜெக்ட் அடோர்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. அதன்கீழ், விலங்குநலக் குழுக்கள் மூலம் வரும் கலப்பின நாய்களை வீவக வீட்டில் வளர்க்கலாம். தொடக்கத்தில் நாயின் உயரம் 50 சென்டிமீட்டருக்குள், எடை 15 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2020இல் எடை வரம்பு நீக்கப்பட்டது. உயரம் 55 சென்டிமீட்டராக உயர்த்தப்பட்டது.

உயரம் என்றால் தலை வரை அல்ல, தரையிலிருந்து தோள்பட்டை வரை. இரண்டு சென்டிமீட்டர் கூடிவிட்டாலும் அந்த நாய்க்கு வீவக வீட்டுக் கதவு மூடிவிடும். தனியார் வீட்டில் இருப்பவர் யாராவது வரும்வரை அது காத்திருக்க வேண்டும். பெரிய நாய்கள் காப்பகத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குட்டியாகப் பார்த்து எடுத்தால்? அங்கும் சிக்கல். கலப்பினக் குட்டி எவ்வளவு உயரம் வளரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்று மடியில் உறங்கும் குட்டி அடுத்த ஆண்டு வரம்பைத் தாண்டலாம். அதனால்தான் வீவக குடும்பம் கலப்பினக் குட்டி கேட்டால் குழுக்கள் தயங்குகின்றன.

'யாருக்குத் தெரியப் போகுது'ன்னு நினைக்க வேண்டாம். அனுமதியில்லாத நாயை வீவக வீட்டில் வைத்திருந்தால் 4,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். அதைவிடப் பெரிய இழப்பு, வீட்டோடு பழகிவிட்ட நாயை மறுபடியும் வெளியேற்றுவது.

ஆக, உயர வரம்பு பற்றிக் காப்பகத் தொண்டூழியரிடம் வாதாடிப் பயனில்லை. அது அவர் போட்ட விதி அல்ல. பல நேரம், நம்மைவிட அவருக்குத்தான் அதில் வருத்தம் அதிகம்.

இரண்டாவது தடை: ஏன் இத்தனை கேள்விகள்?

படிவத்தில் பொதுவாகக் கேட்கப்படுபவை இவை:

- வீட்டில் எத்தனை பேர்? எல்லாருக்கும் சம்மதமா?
- நாய் ஒரு நாளில் எத்தனை மணிநேரம் தனியாக இருக்கும்?
- இரவில் எங்கே உறங்கும்?
- வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்?
- நடைக்குக் கூட்டிச் செல்வது நீங்களா, வீட்டுப் பணிப்பெண்ணா?
- குழந்தை பிறந்தால் அல்லது வீடு மாறினால் நாய் என்னாகும்?

கடைசிக் கேள்வி பலரையும் கோபப்படுத்தும். "இப்பவே எப்படிங்க சொல்றது?" ஆனால் காப்பகங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் காரணங்கள் அவைதாம். குழந்தை பிறந்தது, வீடு மாறினோம், பாட்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பணிப்பெண் ஊருக்குப் போய்விட்டார். நாயைத் திருப்பிக் கொண்டுவருபவர்கள் கெட்டவர்கள் அல்லர். யோசிக்காமல் விட்டவர்கள்.

திரும்பி வரும் நாய்க்கு என்ன நடக்கிறது? ஒருமுறை வீட்டுக்குப் பழகி, மறுபடி கூண்டுக்கு வரும் நாய் சாப்பிடாமல் கிடக்கலாம். மனிதரை நம்பத் தயங்கலாம். 'திருப்பி அனுப்பப்பட்ட நாய்' என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். அடுத்து வருபவர் "ஏன் திருப்பிக் கொடுத்தாங்க?" என்றுதான் முதலில் கேட்பார். அந்த ஒரு கேள்வியைத் தவிர்க்கத்தான் உங்களிடம் இத்தனை கேள்விகள்.

வீட்டைப் பார்க்க வருவது எதற்கு? உங்கள் சோபாவை மதிப்பிட அல்ல. வாசல் இரும்புக்கதவின் கம்பிகளுக்கு இடையே நாய் நுழைந்து ஓடிவிடுமா, சன்னலில் கம்பி இருக்கிறதா என்று பார்க்க. தெருவில் வளர்ந்த நாய் பயந்தால் முதலில் செய்வது ஓடுவதுதான். கதவில் வலை அடிக்கச் சொன்னால் அதனால்தான்.

பதிலே வரலையே?

நியாயமான குறை. பல குழுக்கள் தொண்டூழியர்களை நம்பி இயங்குகின்றன. பகலில் வேலைக்குப் போய், மாலையில் நாய்களுக்கு உணவு, மருந்து, நடை எல்லாம் முடித்த பிறகுதான் அவர்கள் விண்ணப்பங்களைப் பார்ப்பார்கள். அழகான ஒரு நாயின் படம் பரவினால் அதற்கு மட்டும் விண்ணப்பங்கள் குவியும். பக்கத்துக் கூண்டில் இருக்கும் கறுப்பு நாயைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காப்பகங்களும் இங்கே இன்னும் நன்றாகச் செய்யலாம். 'கிடைத்தது, பார்க்கிறோம்' என்று ஒரு வரி அனுப்பலாம். மறுக்கும்போது காரணத்தைச் சொல்லலாம். காரணம் தெரியாமல் மறுக்கப்பட்டவர் செல்லப்பிராணிக் கடைக்குப் போய்விட்டால், இழப்பு காப்பகத்து நாய்க்குத்தான்.

உங்கள் பக்கம் என்ன செய்யலாம்?

- குறிப்பிட்ட ஒரு நாயைக் கேட்காமல், "எங்கள் வீடு இப்படி, எங்கள் நேரம் இப்படி, எந்த நாய் பொருந்தும்?" என்று கேளுங்கள்.
- மறுத்தால், காரணத்தை மரியாதையோடு கேளுங்கள். 'பகலில் யாரும் இல்லை' என்பது காரணமானால், வயதான, அமைதியான நாய் பொருந்தலாம்.
- நேரில் போங்கள். எஸ்பிசிஏ எனும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 2016இல் மவுண்ட் வெர்னனிலிருந்து சுங்கை தெங்காவுக்கு மாறியது. வேறு பல குழுக்களின் காப்பகங்களும் அந்த வட்டாரத்தில் உள்ளன. போவதற்குச் சற்று தூரம்தான். ஆனால் படத்தில் பார்க்கும் நாயும் நேரில் பார்க்கும் நாயும் வேறு.
- முடிவெடுக்க முடியவில்லையா? ஃபாஸ்டர் எனப்படும் தற்காலிகப் பராமரிப்புக்கு முன்வரலாம். உங்கள் வீட்டுக்கு நாய் சரிப்படுமா என்று தெரியும். நாய்க்கும் கூண்டிலிருந்து ஓய்வு.

மூன்றாவது தடை: வீட்டுக்கு வந்தாச்சு, ஆனா...

பலர் எதிர்பார்க்காத ஏமாற்றம் இங்கேதான். காப்பகத்தில் வாலாட்டிய நாய் வீட்டில் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. மின்தூக்கிக்குள் வர மறுக்கிறது. வழவழப்பான தரையில் நடக்கவே பயப்படுகிறது. கூடத்தில் சிறுநீர் கழிக்கிறது. "நாம காப்பாத்தினோம், நன்றியே இல்லையே" என்று மனம் சோர்ந்துபோகும்.

நாயின் பக்கம் யோசித்துப் பாருங்கள். மின்தூக்கி என்பது அதற்கு ஆடும் இரும்புப் பெட்டி. தொலைக்காட்சி, மிக்ஸி, மாடி வீட்டு நாற்காலிச் சத்தம் எல்லாமே புதிது.

நாய் மீட்புக் குழுக்கள் '3-3-3' என்று ஒரு கணக்குச் சொல்வதுண்டு:

- முதல் 3 நாள்: பயம், குழப்பம். சாப்பிடாமலும் இருக்கலாம். கட்டிப்பிடிக்க வேண்டாம், விருந்தினரைக் கூப்பிட வேண்டாம்.
- முதல் 3 வாரம்: வீட்டு நேரம் பழகும். உண்மைக் குணமும் வெளிவரும். குரைப்பது, கடித்துக் கிழிப்பது போன்றவை இப்போதுதான் தொடங்கலாம்.
- முதல் 3 மாதம்: 'இது என் வீடு' என்ற நம்பிக்கை மெல்ல வரும்.

இது எல்லா நாய்க்கும் பொருந்தும் அளவுகோல் அல்ல. சில நாய்களுக்கு ஓர் ஆண்டும் ஆகலாம். ஆனால் பத்தாம் நாளில் 'இது சரிப்படாது' என்று முடிவு கட்டுவது சீக்கிரம் என்பதை இது நினைவூட்டும்.

முதல் சில வாரங்களில் மிகவும் கவனிக்க வேண்டியது, நாய் தப்பி ஓடுவது. கழுத்துப்பட்டை ஒன்று, உடல்பட்டை ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு என்று பிடிப்பது பாதுகாப்பு. ஒன்று நழுவினாலும் இன்னொன்று காக்கும்.

அக்கம்பக்கத்தார்?

எல்லாருக்கும் நாய் பிடிக்க வேண்டும் என்று இல்லை. சிலருக்குப் பயம். சிலர் சமயக் காரணங்களுக்காக நாயைத் தொடமாட்டார்கள். மின்தூக்கியில் யாராவது இருந்தால் "அடுத்ததுல வரோம், நீங்க போங்க" என்று சொல்வது ஒரு நிமிடம்தான். நாய் வந்த முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "புதுசா வந்திருக்கு, கொஞ்ச நாள் குரைக்கும், பொறுத்துக்குங்க" என்று சொல்லிவைத்தால், புகார் போவதற்கு முன் அவர்கள் உங்களிடம் பேசுவார்கள்.

செலவு எவ்வளவு?

தத்தெடுப்புக் கட்டணம் குழுவுக்குக் குழு மாறும். "காப்பகத்து நாய்தானே, ஏன் காசு?" என்று கேட்பவர்கள் உண்டு. தடுப்பூசி, கருத்தடை, மைக்ரோசிப் ஆகியவற்றை மருந்தகத்தில் நீங்களே செய்தால் ஆகும் செலவைக் கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்துவிடும்.

நாய்க்கு உரிமம் கட்டாயம். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி. செய்யாத நாய்க்கு 90 வெள்ளி. உரிமம் இல்லாவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

வெளியில் வளர்ந்த நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சலும் இதயப்புழுவும் வர வாய்ப்பு உண்டு. தத்தெடுக்கும் முன் இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். தடுப்பு மருந்தைத் தவறாமல் கொடுக்க வேண்டியிருக்கும்.

உண்மையிலேயே முடியலைன்னா?

சில நேரம் பொருத்தம் அமையாமலே போகலாம். வீட்டில் குழந்தையை நாய் கடிக்கப் பார்த்தால், அல்லது உங்கள் உடல்நிலை இடம் கொடுக்காவிட்டால், முதலில் நாயைத் தந்த குழுவை அழையுங்கள். பல குழுக்கள் நாயைத் தங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதும் இதற்காகத்தான். பயிற்றுநரை அனுப்பலாம், ஆலோசனை தரலாம், வேறு வீடு தேடலாம். சீக்கிரம் சொன்னால் வழி அதிகம்.

நாயை எங்காவது விட்டுவிட்டு வருவது குற்றம். முதல்முறை பிடிபட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

விண்ணப்பிக்கும் முன், வீட்டில் இதைப் பேசிவிடுங்கள்

1. வீவக வீடா? அப்படியென்றால் 'புரோஜெக்ட் அடோர்' நாய்களையும் அனுமதிக்கப்பட்ட இனங்களையும் மட்டும் பாருங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதம் வாங்குங்கள்.
2. காலை 6.30க்கு யார் நடைக்குக் கூட்டிப் போவது? மழை நாளிலும், தேர்வு நாளிலும்?
3. அம்மா, அப்பா, பாட்டி எல்லாரும் மனதார 'சரி' சொன்னார்களா, அல்லது உங்கள் தொல்லை தாங்காமல் சொன்னார்களா?
4. நாய் 12 முதல் 15 ஆண்டு வாழலாம். இன்று உங்களுக்கு 20 வயது என்றால், 33 வயதில் உங்கள் வாழ்க்கையிலும் அதற்கு இடம் உண்டா?

இந்த நான்குக்கும் பதில் தயாராக இருந்தால், காப்பகம் கேட்கும் கேள்விகள் அவ்வளவு எரிச்சல் தராது. ஏனென்றால், அவர்கள் கேட்கப் போவதும் கிட்டத்தட்ட இவற்றைத்தான்.