முதுமைப் பார்வையும் இரவில் வண்டி ஓட்டுதலும்

வயது ஏறும்போது கண்ணுக்குள் நுழையும் ஒளி குறைகிறது. நுழைந்த ஒளி சிதறுகிறது. இருளுக்கும் வெளிச்சத்துக்கும் கண் பழகும் வேகம் தளர்கிறது. இம்மூன்றும் சேர்ந்து இரவில் வண்டி ஓட்டுவோருக்குத் தரும் இடர்ப்பாடு நாற்பதுக்குப் பின் மெல்லத் தொடங்கி, அறுபதைக் கடந்த பலருக்கு வெளிப்படையாகத் தெரியும். பகலில் தெளிவாகப் பார்ப்பவருக்கும் இது வரும் என்பதால் எளிதில் கவனத்துக்கு வருவதில்லை. வைட்டமின் ஏ குறைவாலோ பரம்பரை விழித்திரை நோய்களாலோ வரும் மாலைக்கண் இதிலிருந்து வேறானது.

காரணங்கள்

இருட்டில் விரிய வேண்டிய பாவை முதுமையில் போதுமான அளவு விரிவதில்லை. லென்ஸ் தடித்து மஞ்சளிக்கிறது. இதனால் 60 வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்களும் குறைகின்றன. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இளமையிலேயே சுமார் அரை மணி நேரம் ஆகும். முதுமையில் இன்னும் நீளும்.

கண்புரை இதைக் கடுமையாக்கும். லென்ஸின் பின்பரப்பில் படரும் புரை, நீரிழிவு உள்ளவர்களிடமும் நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களிடமும் அதிகம் காணப்படுகிறது. இவர்களில் சிலர் மருத்துவமனைச் சுவரிலுள்ள எழுத்துகளை நன்றாகவே படிப்பார்கள். ஆனால் எதிரே ஹெட்லைட் வந்தால் சாலையே மறைந்துவிடும். கண் அழுத்த நோய் பக்கப் பார்வையைக் குறுக்கும். ஓரத்திலிருந்து சாலையைக் கடக்க இறங்குபவர் கண்ணில் படாமல் போகலாம்.

கோடம்பாக்கத்தில்

சென்னையில் 1965இல் திறக்கப்பட்ட கோடம்பாக்கம் ரயில்வே மேம்பாலம் போன்ற மேட்டுப் பாலங்களில், எதிர் வண்டி உச்சியைத் தாண்டும் கணத்தில் விளக்கொளி நேராக முகத்தில் அடிக்கும். கூச்சம் தணிவதற்குள் வண்டி பல மீட்டர் நகர்ந்திருக்கும். ஆற்காடு சாலையில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக வைக்கப்பட்ட தடுப்புகளும் மாற்றுப் பாதைகளும் பழகிய வழியையே புதியதாக்கின. பகலில் மனப்பாடமான சாலை என்ற நம்பிக்கை அங்கே உதவாது. இரவுப் படப்பிடிப்புக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் சினிமா கம்பெனி ஓட்டுநர்களுக்கும் மூத்த ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் இது பிழைப்போடு கலந்த பிரச்சினை. கண் மங்குவதை வெளியே சொல்லத் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தைப் போக்குவது குடும்பத்தாரின் பொறுப்பும்கூட.

சிகிச்சையும் தற்காப்பும்

புரையை அறுவை சிகிச்சையால் நீக்கிச் செயற்கை லென்ஸ் பொருத்தலாம். 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் இது இலவசம். 1992இல் மதுரையில் அமைந்த அரோலேப் நிறுவனம் இந்த லென்ஸின் விலையை ஏழைகளுக்கும் எட்டும்படி குறைத்தது. பலகுவிய லென்ஸ் பொருத்தியவர்களுக்கு இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியக்கூடும். எனவே இரவில் வண்டி ஓட்டுவதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரவுக் கண்ணாடி என்று விற்கப்படும் மஞ்சள் கண்ணாடி, வரும் ஒளியை இன்னும் குறைக்குமே தவிரப் பார்வையைக் கூட்டாது. முன்கண்ணாடியை உள்ளும் புறமும் துடைப்பதும், வேகத்தைக் குறைப்பதும், எதிர் வண்டி வரும்போது இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டுவதும், ஹெட்லைட்டை டிம் செய்வதும் பயன் தரும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்படி 40 வயதைக் கடந்தவர்கள் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று தர வேண்டும். 55 வயதுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படிவத்தில் மாலைக்கண் உண்டா என்ற கேள்வி இருக்கிறது. ஆனால் பார்வைக்கான அளவுகோல், நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள கார் நம்பர் பிளேட்டைப் படிப்பதுதான். கூச்சத்தைத் தாங்கும் திறனையும் மங்கலில் பொருளைப் பிரித்தறியும் திறனையும் அது அளப்பதில்லை. ஆகவே கையில் செல்லுபடியாகும் உரிமம் இருந்தாலும், ஐம்பதைத் தாண்டிய ஓட்டுநர் ஆண்டுக்கொரு முறை கண் மருத்துவரிடம் சென்று, தாம் இரவில் ஓட்டுவதைச் சொல்லி, இவ்விரண்டையும் சோதித்துத் தரக் கேட்பது அவசியம்.