விறைத்துப்போன இரண்டு விரல்கள்

போன ஆடியில் நாங்கள் நாலு பேர் யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குச் சைக்கிளில் போனோம். சங்குப்பிட்டிப் பாலத்தில் சோளகக் காற்று முகத்தில் அறைந்தது. றேசிங் ஹாண்டில் வைத்திருந்தவன் குனிந்தபடி போய்க்கொண்டே இருந்தான். அப்பாமாரின் பழைய சைக்கிளில் நிமிர்ந்திருந்த மற்ற மூன்று பேரும் பாய்மரம் மாதிரி முழுக் காற்றையும் வாங்கினோம். ஆனால் மன்னாரில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் சின்னவிரலும் மோதிரவிரலும் விறைத்துப்போனது அவனுக்குத்தான். எது நல்ல ஹாண்டில் என்ற சண்டை அந்தக் கடையில் தொடங்கியது. கம்பஸ் திரும்பித் தேடிப் பார்த்தால், சண்டை எங்கள் பூட்டன்மாரின் காலத்துக்கும் முந்தியது.

தோமஸ் ஸ்டீவன்ஸ் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்டு 1886 டிசம்பரில் யோக்கோஹாமாவில் தன் உலகப் பயணத்தை முடித்தது, முன்சில்லு நெஞ்சளவு உயரமான சைக்கிளில். அந்த வகைச் சைக்கிளில் ஹாண்டில் சொகுசுச் சாமான் இல்லை, உயிர்ப் பிரச்சினை. சில்லு கல்லில் தடக்கினால் ஆள் தலைகுப்புறப் போவார். தொடை ஹாண்டிலுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். அதனால் இறக்கத்தில் பலர் கால்களைத் தூக்கி ஹாண்டிலுக்கு மேலே போட்டுக்கொண்டு போனார்கள். பார்க்கச் சர்க்கஸ்தான். ஆனால் விழுந்தால் காலூன்றி விழலாமே!

1885இல் ரோவர் வந்து, சங்கிலி பின்சில்லைச் சுழற்றத் தொடங்கியதும் அந்தப் பயம் குறைந்தது. பிறகு ஹாண்டிலை வளைத்தது றேஸ். 1891 பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போட்டியில் சார்ள் தெரோன் ஏறத்தாழ 1200 கி.மீ. தூரத்தை 72 மணித்தியாலத்துக்குள் ஓடி முடித்தார். அப்படி ஓடுகிறவருக்குக் கீழ்நோக்கி வளைந்த ஹாண்டில் சரி. ஊர் பார்க்கப் போகிறவருக்கு?

பிரெஞ்சுச் சுற்றுப்பயணக்காரர் அந்த வளைந்த ஹாண்டிலையே எடுத்து, மேல்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, கீழ்நுனிகளை வெளியே விரித்தார்கள். அதுதான் 'ரான்டொன்னர்' ஹாண்டில். பின்னாளில் வந்த வண்ணத்துப்பூச்சி ஹாண்டிலும் வேறு வடிவத்தில் அதே யோசனைதான்: கையை மாற்றி மாற்றி வைக்க இடம் வேண்டும். உள்ளங்கையின் சின்னவிரல் பக்கம் ஓடும் நரம்பு மணிக்கணக்காக ஒரே இடத்தில் நசுங்கினால் அந்த இரண்டு விரலும்தான் விறைக்கும்.

எங்கள் நண்பன் முழு வழியும் கீழ்வளைவை மட்டுமே பிடித்திருந்தான். மேலே பிடித்தால் 'ஊர்ச் சைக்கிள்' மாதிரி இருக்குமாம்! அந்த நக்கல் எங்கள் எல்லோரிடமும் இருக்கு. இப்ப ஹாண்டிலை சீற்றின் உயரத்துக்கு ஏற்றி, பழைய ரியூப்பை வெட்டிச் சுற்றியிருக்கிறான். நாங்கள் மூன்று பேரும் அப்பாமாரின் ஹாண்டிலை மாற்றவில்லை. அடுத்தது திருகோணமலை, வாடைக்கு முதல்.