கீரைக்கட்டு வாங்கியாச்சு.. வாடுறதுக்குள்ள எப்படி முடிக்கிறது? ராத்திரி சாப்பிட்டா ஆபத்தா? முழு விவரம்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் காலையில் உழவர் சந்தைக்குப் போய் வருபவர்களின் பையில் கடைசியாக ஏறுவது கீரைக்கட்டுதான். விலை கம்மி, உடம்புக்கு நல்லது என்று ரெண்டு கட்டாக வாங்கிவிடுவோம். ஒரு கட்டு அன்றைக்கே கடைசல் ஆகிவிடும். இன்னொன்று ஃப்ரிட்ஜின் அடித்தட்டுக்குப் போய், மூணாம் நாள் கறுத்து, தண்ணி விட்டு, குப்பைக்குப் போகும். ஆட்டுக்குப் போட்டா வீணில்லைதானே என்று கேட்கலாம். ஆடு இருக்கிற வீட்டுக்கு அந்த நியாயம் சரி. மற்ற வீடுகளுக்கு?

கீரை வீணாவதற்குப் பெரிய காரணம், அதை ஒரே ஒரு பதார்த்தமாகப் பார்ப்பதுதான். கீரைன்னா கடைசல் அல்லது பொரியல், அதுவும் மதியத்துக்கு மட்டும். நேத்துதானே வெச்சோம் என்று அடுத்த நாள் தொடுவதில்லை. உண்மையில் ஒரு கட்டுக்குள் தளிர், முற்றின இலை, தண்டு என்று மூணு காய்கறி இருக்கு. பிரித்துச் சமைத்தால் மூணு வேளைக்கும் வேற வேற ருசியில் முடிந்துவிடும்.

பாலக் வேற, பசலை வேற

யூடியூப் சமையலில் 'ஸ்பினாச்' என்று சொன்னதும் பலர் பசலைக்கீரையைத் தேடிப் போகிறார்கள். நம்மூரில் கொடிப்பசலை என்பது தடித்த, வழவழப்பான இலையுள்ள கொடி. அது வேறு செடி. வட இந்தியச் சமையலில் பனீரோடு சேர்வது பாலக். இதிலும் ஒரு சுவாரஸ்யம் உண்டு. இந்தியத் தோட்டக்கலைப் புத்தகங்களில் பாலக் என்று வருவது பெரும்பாலும் பீட்ரூட்டின் நெருங்கிய உறவுக்காரச் செடி. வெளிநாட்டு ஸ்பினாச் தனி. சமையலில் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

நம் வீடுகளில் அதிகம் புழங்குவது அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை. இவை நாலும் ஒரே இனம். பாலக்கை வைத்து என்ன செய்யலாமோ அதை இவற்றிலும் தாராளமாகச் செய்யலாம். இது போக, ஊருக்குக் கிழக்கே கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு தானாக முளைக்கும் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் இருக்கு. கட்டு விலை கிடையாது, ஆய்வதற்குத்தான் நேரம் வேணும்.

கட்டை அவிழ்க்கும்போதே பாதி வேலை

கீரையை அப்படியே கட்டோடு ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் முதல் தப்பு. கயிறு இறுக்கிய இடத்தில் காற்று போகாது, ஈரம் தங்கும், அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். வந்ததும் அவிழ்த்து, மண்ணை உதறி, வேரை நறுக்கி, மூணாகப் பிரிச்சிடுங்க. மஞ்சளான இலையை அப்போதே தூக்கிப் போடணும்.

சேர்த்து வைக்கப் போகும் பங்கைக் கழுவக் கூடாது. சமைக்கும்போது கழுவினால் போதும். அதுவும் நறுக்கும் முன்பே, ரெண்டு மூணு தண்ணியில். நறுக்கிய பிறகு கழுவினால் தண்ணீரில் கரையும் சத்துகள் அதோடு போய்விடும்.

சுற்றி வைக்கச் செய்தித்தாள் வேண்டாம். அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் உணவுப் பொருளைச் செய்தித்தாளில் பொதிய வேண்டாம் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. பழைய பருத்தித் துணி போதும். பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கே பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற பகுதி இது, மெல்லிய துணிக்கா பஞ்சம்? துணியில் தளர்வாகச் சுற்றி, மூடாத பையில் வைத்தால் அரைக்கீரை ரெண்டு நாள் தாங்கும். பாலக்கும் சிறுகீரையும் அவ்வளவு தாங்காது, மறுநாளே முடிச்சிடணும். தண்டு மட்டும் மூணு நாலு நாள் அசையாது.

முருங்கைக்கீரைக்குத் தனி வழி. கொப்போடு துணியில் சுற்றி ராத்திரி முழுக்க வெளியிலேயே வைத்துவிட்டால், காலையில் உதறினால் இலை தானாக உதிரும். உருவும் வேலை மிச்சம்.

சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கத்து வீடுகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. சப்பட்டை மாம்பழம் வாங்கி வைக்கிற சீசன் அது. பழுக்கிற மாம்பழமும் வாழைப்பழமும் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். அது பக்கத்தில் இருக்கும் கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். ரெண்டையும் ஒரே கூடையில் வைக்காதீங்க.

மூணு வேளைக்குக் கணக்கு

சீக்கிரம் கெடுவது முதலில், தாங்குவது கடைசியில். இந்த வரிசை ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

முதல் நாள் மதியம் தளிர். பாசிப்பருப்போ துவரம்பருப்போ அரை டம்ளர் வேக வைத்து, பூண்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம் சேர்த்து, கீரையைப் போட்டு மூடாமல் வேக விட்டால் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். மத்தால் கடைந்து தாளிக்க வேண்டியதுதான். மூடாமல் வேக வைக்கச் சொல்வதில் அர்த்தம் இருக்கு. கீரையிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு வெளியேறிவிடுவதால் பச்சை நிறம் மங்காது. நிறத்துக்காகச் சமையல் சோடா போடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. நிறம் நிற்கும், ஆனா வைட்டமின் சியும் பி1-உம் போய்விடும். சோடா வேண்டாம்.

மறுநாள் காலை, முற்றின இலை. இங்கேதான் பிள்ளைகளிடம் வேலையைக் காட்டலாம். பொரியலாக வைத்தால் ஒதுக்கி வைக்கிற பிள்ளை அடையில் இருந்தால் பேசாமல் தின்னுடும். ஊற வைத்த இட்லி அரிசி ஒரு டம்ளர், கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் சேர்த்து முக்கால் டம்ளர், நாலு வத்தல், சோம்பு, உப்பு போட்டுக் கரகரப்பாக அரைத்து, பொடியாக நறுக்கின கீரை ரெண்டு கை, வெங்காயம் சேர்த்துக் கனமாகத் தட்டினால் நாலு பேருக்குத் தாராளம். அரைக்க நேரமில்லையா? இருக்கிற தோசை மாவில் கலந்து ஊத்துங்க. கோதுமை மாவில் கீரையும் ஓமமும் சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி. கம்பு மாவு இருந்தால் ரொட்டி. கை பாகத்தைப் பொறுத்து எதிலும் சேரும்.

கடைசியில் தண்டு. முருங்கைக்காய்க்கு உரிப்பது மாதிரி நாரை உரித்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, தட்டாம்பயறோ மொச்சையோ சேர்த்துப் புளிக்குழம்பு வைக்கலாம். அசைவ வீடுகளில் கருவாடும் சேரும். தண்டு குழம்பை உறிஞ்சி வைத்திருப்பதால் ஆறின பிறகுதான் ருசி கூடும். கீரையை ஆய்ந்துவிட்டுத் தண்டைக் குப்பையில் போடுகிறவர்கள், வாங்கினதில் பாதியைப் போடுகிறார்கள்.

இதற்கும் மேல் மிஞ்சினால்? கொதிக்கிற தண்ணியில் ரெண்டு நிமிடம் போட்டெடுத்து, உடனே குளிர்ந்த தண்ணியில் முக்கி, பிழிந்து, ஒரு வேளை அளவு உருண்டைகளாக ஃப்ரீசரில் வெச்சிடலாம். பத்து நாளுக்குள் பருப்பிலோ பனீரிலோ போட்டுக்கொள்ளலாம். புளிச்சக்கீரையாக இருந்தால் நல்லெண்ணெய் ஊற்றித் தொக்காகச் சுருட்டினால் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் வீடுகளுக்குக் கோங்குராவைப் பற்றி நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இலை லேசாகத் துவண்டிருந்தால் பயப்பட வேண்டாம், குளிர்ந்த தண்ணியில் கால் மணி நேரம் போட்டால் நிமிர்ந்துவிடும். வழவழப்பும் வாடையும் வந்துவிட்டால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்க.

ராத்திரி சாப்பிடக் கூடாதா?

இந்தத் தலைப்பில் வாட்ஸ்அப்பில் சுற்றும் பயமுறுத்தல்களுக்கு அளவில்லை. ராத்திரி சாப்பிட்டதாலேயே கீரை விஷமாக மாறாது. விளக்கு வெளிச்சத்தில் பூச்சி, புழு தெரியாது, மதியம் வைத்தது ராத்திரி வரை வெளியில் கிடக்கும், நார்ச்சத்து அதிகம் என்பதால் படுத்ததும் வயிறு மந்தமாகும். பெரியவர்கள் சொன்னதற்கு இப்படிக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. அப்போதே சமைத்து, படுப்பதற்கு ரெண்டு மணி நேரம் முன்பு சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை.

கவனிக்க வேண்டியது சாப்பிடும் நேரத்தை அல்ல, சமைத்த கீரை எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்பதை. கீரைகளில் இயற்கையாகவே நைட்ரேட் அதிகம். சமைத்த கீரை வெளி வெப்பத்தில் மணிக்கணக்கில் இருந்தால் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நைட்ரைட் போகாது. பெரியவர்களைவிடக் கைக்குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம். ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து, குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும் நிலைகூட வரலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் வெளியிட்ட அறிக்கையிலும், சமைத்த கீரையைச் சரியாகப் பாதுகாக்காததைத்தான் குழந்தைகள் விஷயத்தில் குறிப்பாக எச்சரித்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு கீரை மசித்துக் கொடுப்பதாக இருந்தால் அப்போது வைத்தது மட்டும்தான், மீந்தது கூடாது.

மில் ஷிப்டுக்குப் போகிற வீடுகளில் இது தினசரிச் சிக்கல். மதியம் சமைத்ததை டப்பாவில் கட்டிக்கொண்டு போய், திறக்கும்போது ராத்திரி எட்டு மணி ஆகிவிடும். நம்ம ஊர் வெயிலில் தேங்காய் அரைத்து ஊற்றின கூட்டும் தண்ணியான கடைசலும் அதுவரை தாங்காது. டப்பாவுக்கு ஈரமில்லாத அடை அல்லது கீரைச் சப்பாத்தி கொடுத்துவிடுவதே பத்திரம். வீட்டில் மீந்ததை ரெண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஆற வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்க. மறுநாளுக்குள் முடிக்கணும். தேவையான அளவை மட்டும் எடுத்து, ஒரே ஒரு தடவை, கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணணும்.

கீரை சாப்பிட்டா ரத்தம் ஊறுமா?

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதனால்தான் கீரை குப்பைக்குப் போவது வெறும் காசுக் கணக்கு இல்லை. அதே சமயம், கீரையை மட்டுமே நம்பி இருப்பதும் சரியில்லை. 100 கிராம் பாலக்கில் சுமார் 3 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கு. ஐசிஎம்ஆர் 2020-இல் பரிந்துரைத்தபடி பெண்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 29 மில்லிகிராம். கீரையில் இருக்கும் இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்க.

சேருவதைக் கூட்ட வழி இருக்கு. வைட்டமின் சி கூட இருந்தால் இரும்பு நன்றாக ஏறும். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியலாம், இல்லையென்றால் தட்டு ஓரத்தில் பச்சை மாங்காய் ரெண்டு கீற்று. வேக வைத்த மாங்காயில் அந்த வைட்டமின் குறைந்துவிடும், அதனால் பச்சையாகவே கடிப்பது நல்லது. சாப்பிட்டதும் டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்க, டீ இரும்பைத் தடுக்கும். டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்திருந்தால் கீரையைக் காட்டி அதை நிறுத்தக் கூடாது.

கால்சியம் விஷயத்தில் பாலக் ஏமாற்றும். அதில் உள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நூற்றில் ஐந்து பங்கு அளவுக்கே உடம்பில் சேரும். பாலில் இருந்து நாலில் ஒரு பங்குக்கு மேல் சேரும். பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கின ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலுக்கு என்ன குறை? கால்சியத்துக்குப் பால், தயிர், மோரைப் பார்ப்பதே நல்லது.

யார் கவனமாக இருக்கணும்?

சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆக்ஸலேட் அதிகமுள்ள பாலக், தண்டுக்கீரை வகைகளை டாக்டரிடம் கேட்டே சாப்பிட வேண்டும். வேக வைத்த தண்ணியை வடித்துவிட்டால் ஆக்ஸலேட் கணிசமாகக் குறையும். வெந்தயக்கீரையிலும் முருங்கைக்கீரையிலும் அது கம்மி. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையை ஒதுக்கத் தேவையில்லை. ஆனா வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடணும். ஒரு வாரம் தொடாமல் இருந்துவிட்டு, அடுத்த வாரம் கட்டு கட்டாகச் சாப்பிட்டால் அதிலுள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேலையை மாற்றிவிடும்.