மண்ணூர்பேட்டையைச் சுற்றி ஒரு டிராக்டர்

டிராக்டரைப் பற்றி எழுத இந்த ஆளுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு சென்ட் நிலம் உழுதவனில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, சென்னையில் அரசு அலுவலகத்தில் எழுத்தராக முப்பத்து நாலு வருஷம் கோப்பு தைத்தவன். ஆனால் மண்ணூர்பேட்டையில் நாற்பது வருஷத்துக்கு மேல் குடியிருப்பவனுக்கு டிராக்டரைப் பற்றிப் பேச ஓர் உரிமை உண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

எம்.டி.எச். சாலையில் நின்று சுற்றிப் பாருங்கள். கிழக்கே பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்.; 1961-இல் வந்தது. இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் டைனமோ எல்லாம் அங்கே. அதே பாடியில் வீல்ஸ் இந்தியா, சக்கர வட்டைக்கு. பிரேக்ஸ் இந்தியா, பெயரே சொல்கிறது. மேற்கே அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை. கம்பெனி மூடிப் போய்விட்டது, பஸ் நிறுத்தத்தின் பெயர் மட்டும் நிற்கிறது. வில்லிவாக்கம், அகரம் வழியாக சைக்கிளை மிதித்தால் ஒரு மணி நேரத்துக்குள் செம்பியம். அங்கே ஹுசூர் கார்டன்ஸ் என்ற ஒரே வளாகத்தை ஒட்டி இந்தியா பிஸ்டன்ஸ், பைமெட்டல் பேரிங்ஸ், பெயின்டுக்கு அடிசன்; டீசல் இன்ஜினுக்கு சிம்ப்சன்; இத்தனைக்கும் தலைமகனாக டாஃபே டிராக்டர் தொழிற்சாலை.

ஆக, ஒரு டிராக்டரின் தலை முதல் கால் வரை செய்யும் பட்டறைகள் எல்லாம் ஒரு சைக்கிள் தூரத்தில் இருந்தன. உலகத்தில் இப்படி அமைந்த ஊர்கள் அதிகம் இருக்க முடியாது. (ஆவடியையும் சேர்த்தால் டாங்கியும் உண்டு. முதல் விஜயந்தா அங்கிருந்து வெளிவந்தது 1965-இல். அது வேறு கதை.)

இந்த டிராக்டரின் பூர்வீகம் அயர்லாந்து. ஹாரி பெர்குசன் 1884-இல் அங்கே டவுன் மாவட்டத்தில் பிறந்த விவசாயி மகன். அவருக்கு முன்னால் டிராக்டர் என்றால் இரும்பு மாடு, அவ்வளவுதான். கனமான வண்டி முன்னால் போகும், கலப்பை சங்கிலியிலோ கொக்கியிலோ பின்னால் இழுபடும். கலப்பை கல்லில் மாட்டினால் சக்கரம் நிற்காது. வண்டியின் முன்புறம் எழும்பி, பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் மேல் விழும். அப்படிச் செத்தவர்கள் பலர்.

பெர்குசன் கலப்பையை இழுக்காமல், வண்டியோடு மூன்று இடத்தில் பூட்டினார். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. கலப்பை மண்ணில் தடைபட்டால் மேல்கை வண்டியை முன்னோக்கித் தள்ளும், முன் சக்கரம் தரையை விட்டு எழும்பாது. அதோடு நிற்கவில்லை. அந்த மேல்கையில் ஒரு ஸ்பிரிங். மண் இறுகி இழுவை கூடினால் ஸ்பிரிங் அழுந்தும். அது ஹைட்ராலிக் வால்வைத் திறக்கும். கலப்பை தானாகக் கொஞ்சம் மேலே வரும். மண் இளகினால் மறுபடி இறங்கும். நம்மூர் ஏர் உழுகிறவரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கட்டி தட்டினால் மேழியைப் பிடித்த கை யோசிக்காமலே கொஞ்சம் தளர்த்தும், தாண்டியதும் அமுக்கும். மாடு திணறாது. அந்தக் கையைத்தான் பெர்குசன் இரும்பில் செய்தார். இதனால் வண்டி கனமாக இருக்க வேண்டிய அவசியம் போயிற்று. சின்ன டிராக்டர் பெரிய வேலை செய்தது. இன்று எந்த நாட்டு டிராக்டரின் பின்புறத்தைப் பார்த்தாலும் அந்த மூன்று கைகள்தான்.

1938-இல் இதை ஹென்றி போர்டுக்குச் செய்து காட்டி, எழுத்தில் ஒன்றுமில்லாமல் கைகுலுக்கி ஒப்பந்தம் போட்டார். கோப்பு தைத்தவன் என்ற முறையில் எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்குகிறது. நினைத்தபடியே ஆயிற்று. போர்டின் பேரன் பொறுப்புக்கு வந்ததும் ஒப்பந்தம் முறிந்து, வழக்கு நடந்து, 1952-இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம். அதற்குள் பெர்குசன் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி மூலம் தன் சொந்த டிராக்டரைக் கொண்டுவந்துவிட்டார். டி.இ.20 என்ற அந்தச் சாம்பல் நிற வண்டி 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி, 1958 ஜனவரி 4 அன்று தென் துருவம் போய்ச் சேர்ந்ததும் இந்த வண்டிகளில்தான், சக்கரத்தில் பட்டை மாட்டிக்கொண்டு.

பிரான்சில் பாரிஸை ஒட்டிய சேன்-தெனியிலும் இதைச் செய்தார்கள். அங்கே இதற்குச் செல்லப் பெயர் ‘பெத்தி க்ரி’, சின்னச் சாம்பல். பிரெஞ்சு கிராமத்து ஆட்கள் மாட்டுக்குப் பெயர் வைக்கிற வாஞ்சையோடு சொல்வார்கள்.

1953-இல் பெர்குசன் கனடாவின் மாஸி ஹாரிஸோடு இணைந்தார். அடுத்து வந்தது ‘35’ என்ற மாடல். ஆரம்பத்தில் அதன் டீசல் இன்ஜின் குளிர்காலக் காலையில் கிளம்ப அடம்பிடிக்கும் என்று பெயர் வாங்கியது. 1959-இல் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் இன்ஜினைப் போட்டார்கள். குறை தீர்ந்தது. செம்பியத்தில் அந்தக் குறை யாருக்கும் தெரிந்தே இருக்காது, இங்கே குளிர்காலம் ஏது?

மெட்ராஸில் சிம்ப்சன் 1840-இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய கம்பெனி. அனந்தராமகிருஷ்ணன் கைக்கு வந்தபின் பெர்கின்ஸ் டீசல் இன்ஜின் செய்ய ஆரம்பித்தது. இன்ஜின் இருக்கிறது, பிஸ்டன் இருக்கிறது. டிராக்டர் செய்ய வேண்டியதுதானே? 1960-இல் மாஸி பெர்குசனோடு சேர்ந்து டாஃபே. அடுத்த ஆண்டு உற்பத்தி. 1961-62-இல் இந்தியா முழுவதும் தயாரான டிராக்டர்கள் 880 மட்டுமே. பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம். இப்போது ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டுகிறது. மாஸி பெர்குசன் என்ற பெயருக்காக அமெரிக்கக் கம்பெனியோடு நடந்த தகராறு 2025-இல் தீர்ந்து, இந்தியா, நேபாளம், பூட்டான் மூன்றிலும் அந்தப் பெயர் டாஃபேக்கே சொந்தமாயிற்று. அயர்லாந்துக்காரர் பெயருக்கு இப்போது சென்னையில் பட்டா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த 880-இல் நம் செம்பியம் வண்டி ஒன்று இன்று எங்கே?

இங்கிலாந்திலும் பிரான்சிலும் இந்தக் கேள்விக்கு உடனே பதில் கிடைக்கும். அங்கே ஓய்வு பெற்றவர்களின் பெரிய பொழுதுபோக்கு பழைய டிராக்டர். வைக்கோல் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடப்பதை வாங்கி, அக்கக்காகப் பிரித்து, இறுகிப்போன பிஸ்டனை டீசலில் ஊறவைத்து, இரண்டு மூன்று குளிர்காலம் உட்கார்ந்து சீர் செய்வார்கள். வண்டி ரொம்ப எளிமை. பெரும்பாலான சரிசெய்தல்களுக்கு வண்டியோடு வந்த ஒரே ஸ்பேனர் போதும், அதையே கலப்பை அளவு பார்க்கும் அளவுகோலாகவும் வைத்திருந்தார் பெர்குசன். நிறத்துக்குத்தான் சண்டை: இந்த வருஷத்து வண்டிக்கு இன்ஜின் சாம்பலா, செம்பு நிறமா என்று மாதக்கணக்கில் வாதாடுவார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை வரிசையாக ஓட்டிப்போய், உழவுப் போட்டி நடத்தி, டீ குடித்துவிட்டு வருவார்கள்.

ஓட்டுவதும் தனி வித்தை. டி.இ.20-இல் கியர் கம்பியை ‘எஸ்’ என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட் ஆகும். கியரில் இருக்கும்போது தெரியாமல் கிளப்பி யாரையும் ஏற்றிவிட முடியாது. காலால் மிதிக்கும் ஆக்ஸிலேட்டருக்குப் பதில் ஸ்டீயரிங் பக்கம் ஒரு கை லீவர். வைத்த இடத்தில் நிற்கும். பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக், வயல் மூலையில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். ரோட்டில் அதே மாதிரி ஒன்றை மட்டும் மிதித்தால் கதை முடிந்தது. அதனால் ரோட்டில் இரண்டு பிரேக்கும் சேர்ந்தே பிடிக்க வேண்டும்.

பிரெஞ்சில் இரண்டு சொல் உண்டு. ‘ரெஸ்தோரே’ என்றால் பழைய உருவத்தை மீட்பது; கோயில் சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் அதே சொல். ‘ரெமெத்ர் ஆன் மார்ஷ்’ என்றால் மறுபடி ஓட வைப்பது. நம்மவர்கள் இரண்டாவதில் உலகத்துக்கே வாத்தியார்கள். முதலாவது நமக்குக் கட்டுப்படியாகவில்லை.

காரணம், நம் டிராக்டருக்கு ஓய்வே கிடையாது. நஞ்சையில் கேஜ் வீல் மாட்டிச் சேறு கலக்கும். மண்ணும் தண்ணீரும் சீல்களுக்குள் புகுந்து பேரிங்கைத் தின்னும். கிழடானால் செங்கல் சூளைக்குப் போகும். பிறகு தண்ணீர் டேங்கர் இழுக்கும். சென்னைப் புறநகரில் பைப்பில் காற்று வந்த கோடைகளில் எங்கள் குடங்களை நிரப்பியது அப்படிப்பட்ட வண்டிகள்தான். இதற்கிடையில் இன்ஜின் ஒரு முறை மாறும், பானெட் இருக்காது, முன் ஆக்ஸில் வேறொரு வண்டியுடையது, புதுப்பேட்டையில் வாங்கிய விளக்கு. கடைசியில் எடைக்குப் போகும்போது அதில் 1961 என்று சொல்ல ஒரு தகடு மிஞ்சினால் அதிசயம்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் புது வண்டியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களைச் சில சொட்டு பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். பெர்குசன் டிராக்டரில் ஒரு ரகம் கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வந்தது: பெட்ரோலில் கிளம்பி, மண்ணெண்ணெய் போன்ற மலிவு எண்ணெயில் உழும். அங்கே அந்தக் கார்கள் மிஞ்சியதற்குக் காரணம் பொழுதுபோக்கல்ல, வேறு வழியின்மை.

இங்கே ஒருவர் ஆசைப்பட்டுச் செய்தாலும் சட்டம் எங்கே நிற்கிறது என்று தேடினேன், பழைய பழக்கம். பழம்பெரும் வாகனங்களுக்கென்று 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு கொண்டுவந்தது. 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும், மூல உருவம் மாறியிருக்கக் கூடாது, ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு எண், கட்டணம் 20,000 ரூபாய். நல்லதுதான். ஆனால் விதியின் வரையறையில் இரு சக்கர வண்டிகளும் பயணிகள் காரும் மட்டுமே. டிராக்டர் இல்லை. மகாராஜா ஏறிய காருக்கு மரியாதை, அவருக்கும் நமக்கும் சோறு போட்ட வண்டிக்கு இல்லை. அது போகட்டும், 2023 ஏப்ரல் முதல் அரசு வாகனங்கள் 15 ஆண்டு கடந்தால் பதிவைப் புதுப்பிக்க முடியாது, உடைக்கத்தான் வேண்டும். புகைக்காகவும் பாதுகாப்புக்காகவும் எடுத்த முடிவு. பஸ், லாரி விஷயத்தில் நானும் கைதூக்குவேன். ஆனால் துறைப் பண்ணைகளிலும் நகராட்சிகளிலும் ஏதாவது ஓரத்தில் பழைய செம்பியம் வண்டி ஒன்று நின்றிருந்தால், அதற்கு இனி 50 வயது ஆக வழியே இல்லை. ‘கண்டம்’ செய்யப்பட்ட வண்டிகளின் ஏலக் கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். படிவத்தில் எண், வருடம், நிலை, மதிப்பு என்று கட்டம் இருக்கும். வைத்துக்கொள்ளத் தக்கதா என்று ஒரு கட்டம் எப்போதும் இருந்ததில்லை. அந்த ஒரு கட்டத்தைச் சேர்க்க அரசுக்கு ஒரு பைசா செலவில்லை.

இந்தப் பக்கத்து நிலங்களின் கதையும் இதிலே கலந்திருக்கிறது. கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் இவை. 1960-களில் தொழிற்பேட்டை வந்தது, சுற்றிலும் ஆலைகள் வந்தன, ஆலையாட்களுக்கு வீட்டு மனைகள் வந்தன. நான் குடிவந்த புதிதில் காலி மனைகளில் வரப்பு தெரியும். மழைக்குப் பின் அதன் ஓரம் நண்டு வளை இருக்கும். நாட்டுக்கெல்லாம் உழவு வண்டியும் அதன் உறுப்புகளும் செய்து கொடுத்த இடத்தில் உழ ஒரு காணி மிச்சமில்லை. வேலை கொடுத்த ஆலைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என் தெருவில் பாதிப் பேர் வீடு கட்டியது அந்தச் சம்பளத்தில்.

படிப்பவர்களில் கிராமத்தோடு தொடர்புள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெரியப்பா, மாமா வீட்டுக் களத்தில் பழைய மாஸி ஒன்று நின்றால், பழைய இரும்புக்காரர் தராசோடு வருமுன் அதன் தகட்டைத் தேடுங்கள். தேங்காய்நாரும் மண்ணெண்ணெயும் போட்டு மெதுவாகத் தேய்த்தால் எண் தெரியும். உப்புக் காகிதம் வேண்டாம், எழுத்து போய்விடும். மேலே ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தடவி எடுத்து, ஆர்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். முதலில் வாங்கியவர் பெயர், எந்தக் கூட்டுறவு வங்கிக் கடன், எத்தனை காணி உழுதது என்று வீட்டில் தெரிந்தவர் யாராவது இருந்தால் அதையும் அதே தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். வண்டியை வைத்துக்கொள்ள இடமிருந்தால் இன்னும் நல்லது. இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்காமல் புகைக்குழாய் வாயில் ஒரு டப்பாவைக் கவிழ்த்துவிடுங்கள்.