வானிலிருந்து வரும் சுருதி

பாடகரும் வயலின்காரரும் ஒரே சுருதியில் சேராவிட்டால் கச்சேரி என்னவாகும்? ஹாம் வானொலி அன்பர்களின் பழைய தொல்லையும் இதுவே. குவார்ட்சுப் படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகுவதாகக் கொள்வோம். 10 மெகாஹெர்ட்சில் பிழை 10 ஹெர்ட்சுதான். 10,000 மெகாஹெர்ட்சிலோ அது 10,000 ஹெர்ட்சு! மெல்லிய சமிக்ஞையைத் தேடுபவர் வேறிடத்தில் செவிசாய்த்திருப்பார்.

1923இல் அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி. நிலையம் திட்ட அதிர்வெண்களை ஒலிபரப்பத் தொடங்கியது. ஆனால், தொலைவில் அயனி மண்டலத்தில் பட்டு வந்த அலை, டாப்ளர் விளைவால் சற்றுப் பிறழ்ந்தது. 1955இல் இங்கிலாந்தில் எஸ்ஸனும் பாரியும் சீசியம் அணுக்கடிகாரத்தை இயக்கினர். அதை வீட்டில் வைக்க முடியுமா?

1978 முதல் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அணுக்கடிகாரங்களுடன் வலம் வரலாயின. பின்னர் ஏற்பிகளின் விலை குறைந்ததும் வழி பிறந்தது. ஏற்பி நொடிக்கொரு துடிப்பைத் தருகிறது. துடிப்புகள் சற்று முன்பின்னாக விழும். ஆயினும் பிழை சேர்ந்துகொண்டே போகாது. படிகமோ ஒரு நொடிக்குள் சீரானது, நாட்பட விலகுவது. துடிப்புகளுக்கிடையே படிகத்தின் அதிர்வுகளை எண்ணி, நெடுநேரச் சராசரி கண்டு, மின்னழுத்தத்தால் அதை மெல்லத் திருத்தினால் இரண்டின் குறையும் நீங்கும் அல்லவா? 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுச் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்த பிழையையும் இச்சராசரி பெரிதும் வென்றது.

இவ்வாறு நன்கு கட்டுப்பட்ட படிகத்தின் பிழை, நாள் சராசரியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கிற்கும் குறைவு. அதாவது, 10,000 மெகாஹெர்ட்சில் 1 ஹெர்ட்சுகூட இல்லை! ஆயினும் இது இரவல் சுருதியே. ஏரியலுக்கு வானம் மறைந்தால் படிகம் மீண்டும் தன் போக்கில் விலகும் என்பதை மறவாதீர்கள்.