பிரேக்பாயின்ட்

ஓடிக்கொண்டிருக்கும் நிரலைக் குறித்த இடத்தில் நிறுத்தி, பிழையைத் தேட உதவும் குறி.

இந்தச் சொல் பிறந்தபோது அது வெறும் குறியாக இல்லை. 1946இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக் கணினிக்கு நிரல் எழுதுவது என்றால் கம்பிகளை இணைப்பதுதான். கணக்கு எங்கே தடம் மாறுகிறது என்று பார்க்க வேண்டுமா? அந்த இடத்துக் கம்பியைப் பிடுங்கிவிடுவார்கள். இயந்திரம் நிற்கும், அதில் தேங்கியிருக்கும் எண்களைப் படித்துக்கொள்ளலாம். இணைப்பை அங்கே ‘பிரேக்’ செய்ததால் வந்த பெயர் இது என்று எனியாக்கின் முதல் நிரலர்களில் ஒருவரான பெட்டி ஹோல்பர்ட்டன் பிற்காலத்தில் ஒரு பேட்டியில் விளக்கினார்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதிய ஜிடிபி என்ற பிழைதிருத்து நிரலில் கம்பிக்கு வேலையில்லை. ‘பிரேக் மெயின்’ என்று தட்டி, ‘ரன்’ கொடுத்தால் மெயின் ஃபங்ஷனின் தொடக்கத்தில் நிரல் நிற்கும். ‘பிரின்ட்’ மாறியின் மதிப்பைக் காட்டும். ‘நெக்ஸ்ட்’ ஒரு வரி நகர்த்தும். ‘கன்டின்யூ’ மறுபடி ஓடவிடும்.

இன்டெல் வகைச் செயலிகளில் ஜிடிபி அந்த இடத்துக் கட்டளையின் முதல் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ‘இன்ட் 3’ என்ற ஒரு பைட் கட்டளையை அங்கே எழுதுகிறது. செயலி அதைத் தொட்டதும் கட்டுப்பாடு ஜிடிபியின் கைக்கு வந்துவிடுகிறது.