வெடிவைத்த கோடையில் வந்த தட்டு

1979 ஜூலை 12. சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, ஒரு பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவேயில்லை. அந்த மாதம் 30ஆம் தேதி ஷீக் என்ற டிஸ்கோ குழுவின் மூன்றாவது ஆல்பம் 'ரிஸ்கே' கடைக்கு வந்தது.

அதை உருவாக்கியது நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில். மின்நிலையமாக இருந்த பழைய கட்டடம் அது. கிட்டாரில் நைல் ராட்ஜர்ஸ், பேஸ் கிட்டாரில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ், டிரம்ஸில் டோனி தாம்ப்சன். பாட்டு எழுதியதும் தயாரித்ததும் முதல் இருவர். மொத்தம் ஏழே பாடல்கள். அட்டையில் 1930களின் துப்பறியும் கதைபோல ஒரு கொலைக்காட்சி, கறுப்பு வெள்ளையில். ஒரு பாட்டில் டேப் டான்ஸ் ஆடியவர்களில் ஒருவர், அந்தக்காலத் திரைப்படங்களில் புகழ்பெற்ற ஃபயார்ட் நிக்கலஸ். பெட்ரோலுக்கு வரிசை நின்ற அமெரிக்காவுக்கு, பெருமந்தக் காலத்து மினுக்கை உடுத்திக் காட்டினார்கள்.

முதல் பாட்டு 'குட் டைம்ஸ்'. எட்வர்ட்ஸின் பேஸ் ஒரே சுரத்தை மூன்றுமுறை அழுத்தமாகத் தட்டிவிட்டு மேலே நடக்கும். எட்டு நிமிடப் பாட்டின் நடுவில் குரல் விலகும், கிட்டார் விலகும். பேஸும் டிரம்ஸும் மட்டும் மிஞ்சும். பிறகு ஒவ்வொரு வாத்தியமாகத் திரும்பி வரும். பாட்டின் ஆயுள் இருந்தது அந்தக் காலியிடத்தில்தான்.

ஆகஸ்ட் 18 அன்று அமெரிக்கப் பட்டியலில் 'குட் டைம்ஸ்' முதலிடம் பிடித்தது. ஒரே வாரம், பிறகு 'மை ஷரோனா' என்ற ராக் பாட்டு அதைத் தள்ளியது. டிஸ்கோவின் கதை முடிந்தது என்றார்கள்.

ஆனால் நியூயார்க்கின் டிஜேக்கள் 'குட் டைம்ஸ்' தட்டின் இரண்டு பிரதிகளை வாங்கி, அந்தக் காலியிடத்தை மாற்றி மாற்றி நீட்டினார்கள். அதன்மேல் ராப் சொல்ல ஆள் இருந்தது. நியூ ஜெர்சியில் சில்வியா ராபின்சன் அதையே வியாபாரமாக்கினார். ஸ்டூடியோ கலைஞர்களை வைத்து பேஸ் லைனை மறுபடி வாசிக்கச் செய்து, ஷுகர்ஹில் கேங்கின் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற தட்டைச் செப்டம்பரில் வெளியிட்டார். எழுதியவர்கள் பட்டியலில் ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் இல்லை. ஒரு கிளப்பில் அதைக் கேட்ட ராட்ஜர்ஸ் வழக்கு என்று கிளம்ப, இருவர் பெயரும் பிறகு ஏறியது.

அடுத்த ஆண்டு குயீன் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' வந்தது. அதை எழுதிய ஜான் டீக்கன் ஷீக்கின் ஒலிப்பதிவுகளில் உடனிருந்தவர். இங்கே சுரங்கள் அப்படியே எடுக்கப்படவில்லை, நடை மட்டும் வந்தது. நடைக்கு யார் உரிமை கோர முடியும்? 1981இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் 'குட் டைம்ஸ்'ஐயும் குயீன் பாட்டையும் ஒரே தட்டில் கோத்தார். தாயும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதுபோல் இருந்தது.

1983இல் ஷீக் கலைந்தது. எட்வர்ட்ஸ் 1996இல் டோக்கியோவில், புடோகன் அரங்கில் வாசித்த கையோடு காலமானார். 2011இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்புக்கு 'ராப்பர்ஸ் டிலைட்'டைத் தேர்ந்தெடுத்தது. அன்று எட்வர்ட்ஸைக் கேட்காமலே எடுத்துப்போன பேஸ் லைன், இரவல் தட்டில் ஏறி அரசாங்கப் பெட்டகத்துக்குள் போய்விட்டது.